சேம அச்சும் ரீசோல் டயரும்

சென்ற மாதம் ஓசூரில் நடந்த ஒரு கருத்தரங்கை முடித்துக்கொண்டு, நண்பர் ஒருவரின் காரில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நால்வரும் கல்லூரி ஆசிரியர்கள். பேச்சு வழக்கம்போல ஊதியக்குழுவில் தொடங்கி உரையாசிரியர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. சூளகிரியைக் கடந்து மேலுமலை இறக்கத்தை நெருங்கும் இடத்தில், சாலையின் நடுவே கரிய பொருளொன்று நெளிந்து கிடந்தது. பின்னிருக்கையில் இருந்தவர் "பாம்பு!" என்று அலறினார். ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் வண்டியை ஒடித்துத் திருப்பித் தப்பினார். அது பாம்பன்று, லாரி டயரிலிருந்து உரிந்து விழுந்த, ஓராள் நீளமுள்ள ரப்பர் பட்டை. அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் இத்தகைய பட்டைகளை முதலை என்றே அழைக்கிறார்கள். கிடக்கும் கோலத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

"ரீசோல் டயர்! நாலு காசு மிச்சம் பிடிக்க ஊரான் உயிரோடு விளையாடுகிறார்கள். இதை அரசாங்கம் தடை செய்ய வேண்டும்" என்றார் நண்பர். மற்ற இருவரும் ஆமோதித்தனர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதே சொற்களை ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள் நானும் சொல்லிவந்தவன்தான். சொல்வதற்கு மற்றவர்களைவிட எனக்கு உரிமை மிகுதி என்றும் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரு பழைய பதிவேட்டைப் பார்த்தபின் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. காரில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. இலக்கியம் படிக்க வந்த இடத்தில் டயரா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கடைசியில் ஒரு புறநானூற்றுப் பாடல் வரும்.

லாரிகளோடு தொடர்பில்லாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லாரி டயரில் தரையைத் தொட்டுத் தேய்வது அதன் வெளிப்பட்டை மட்டுமே. எங்கள் பக்கத்தில் அதிலுள்ள வரிகளைப் 'பட்டன்' என்பார்கள். பட்டன் தேய்ந்தால் டயர் மொட்டை. பட்டைக்கு உள்ளே இருக்கும் உடல் வேறு. நைலான் நூலாலோ எஃகுக் கம்பியாலோ அடுக்கடுக்காக நெய்யப்பட்டு ரப்பரில் பொதிந்த கூடு அது. பாரத்தைத் தாங்குவது அந்தக் கூடுதான். விலையின் பெரும்பகுதியும் அதற்கே. பட்டை தேய்ந்தபிறகும் கூடு நலமாக இருந்தால், தேய்ந்ததைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதுப்பட்டையை ஒட்டி மீண்டும் ஓட்டலாம். செருப்பின் மேல்தோல் நன்றாக இருக்க, அடித்தோலை மட்டும் மாற்றிக்கொள்வதைப் போன்றது இது. செருப்பின் அடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 'ரீசோல்' என்ற பெயரும் வந்தது. படித்தவர்கள் 'ரீட்ரேடிங்' என்பார்கள். செலவு புதுடயர் விலையில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான்.

என் தாய்மாமன் கிருஷ்ணகிரி பெங்களூர் சாலையில் அத்தகைய பட்டறை ஒன்றை வைத்திருந்தார். என் பள்ளி விடுமுறைகள் அங்கேதான் கழிந்தன. தகரக் கூரை, கொதிகலன், சுவரோரம் அடுக்கிய டயர்கள். டயரைச் சுழலவிட்டுப் பல்லுருளையால் சுரண்டும்போது பறக்கும் கருந்தூள் மூக்கிலும் காதிலும் ஏறிக்கொள்ளும். இரவு குளித்தாலும் மறுநாள் தலையணையில் கறுப்பு ஒட்டியிருக்கும். கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் சட்டையில் ரப்பர் நாற்றம் வருகிறதோ என்று அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது.

அந்நாளில் மாமாவிடம் இருந்தது சூட்டு முறை. சுரண்டிய டயரின்மேல் ரப்பர் கரைசலைப் பூசி, வேகாத ரப்பரைச் சுற்றி, இரும்பு அச்சுக்குள் வைத்து 150 பாகை செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். வேகும்போதே பட்டன் வரிகள் பதிந்துவிடும். பின்னாளில் குளிர் முறை பரவிற்று. பெயர்தான் குளிர், உண்மையில் அதுவும் 100 பாகையை ஒட்டிய சூடுதான். முன்பே வெந்து வரி பதிந்த பட்டையை, இடையில் மெல்லிய பச்சை ரப்பர் தாளொன்றை வைத்து ஒட்டி, உறைபோட்டு, அழுத்தக் கலனுக்குள் சில மணி நேரம் வைப்பார்கள். சூடு குறைவு என்பதால் கூட்டுக்கு நோவும் குறைவு. பெர்னார்ட் ஆன்டன் நோவாக் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய முறை இது. அவர் பெயரின் முதலெழுத்துகளோடு டார்ம்ஸ்டாட் என்ற அவருடைய ஊரின் பெயரும் சேர்ந்து 'பேண்டாக்' என்ற வணிகப்பெயர் உருவாயிற்று. 1957இல் ராய் கார்வர் என்ற அமெரிக்கர் அதன் உரிமையை வாங்கி, அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து உலகெங்கும் கொண்டுசென்றார்.

இத்தொழிலுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. கோவை எல்ஜியும் மதுரை டி.வி.எஸ். குழுமமும் ரீட்ரேடிங் ரப்பரில் பெயர்பெற்றவை. எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. மாம்மென் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் தொடங்கியது பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறை. 1952இல் அவர் பழைய டயர்களுக்கு ஒட்டும் பட்டை ரப்பரைச் செய்யத் தொடங்கினார். புதுடயர்த் தொழிற்சாலை என்பது 1961இல்தான் வந்தது. இன்று கிரிக்கெட் மட்டைகளில் பெயர் மின்னும் அந்த நிறுவனத்தின் முதற்படி, மொட்டை டயர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும் ரப்பர்தான்.

மாமாவின் திறமை ஒட்டுவதில் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒட்டுவதைப் பட்டறைப் பையன்களே செய்துவிடுவார்கள். அவருடைய வேலை டயர் உள்ளே வந்ததும் தொடங்கிவிடும். டயரை நிறுத்தி விரித்து, கம்பியில் கட்டிய பல்பை உள்ளே விட்டுச் சுற்றிலும் பார்ப்பார். உள்ளங்கையால் தடவுவார். பிறகு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே செயல்தான். நல்ல இடம் கணீரென்று பேசும். அடுக்குகள் பிரிந்த இடம் மொத்தென்று ஊமையாகும். ஊமைச் சத்தம் கேட்டால் இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பெரிய பெருக்கல் குறி ஒன்று போடுவார். "இது ஆகாது." அதற்குமேல் பேச்சில்லை.

எதனால் ஆகாமல் போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "காத்துதான் தம்பி. காத்து கம்மியா ஓட்டுவானுங்க, லோடு மட்டும் டபுளா ஏத்துவானுங்க. டயரு வெளிய தேயறதுக்கு முன்னாடி உள்ள வெந்துரும்" என்றார். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. காற்றழுத்தம் குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி நசுங்கி நிமிர்கிறது. அந்த நெளிவு சூடாகிறது. சூடு நூலுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. லாரி டயர்களில் இயற்கை ரப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுவதும் இதனால்தான். நெளியும்போது அது குறைவாகவே சூடேறும். ஆயினும் எந்த ரப்பருக்கும் ஒரு வரம்பு உண்டு. கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதிபெறும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். பட்டறையில் வேண்டிய அளவு நடக்கும் அந்த வேவு, சாலையில் வேண்டாத அளவுக்கு நடந்தால் உறுதி போய் நொறுங்கத் தொடங்கிவிடுகிறது. உள்ளே வெந்த டயர் வெளிப்பார்வைக்குப் பழுதில்லாமல் இருக்கும். மேலே புதுப்பட்டையை ஒட்டிவிட்டால் புதுடயருக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். பிறகு கடன் வாங்கி ஆறு சக்கர லாரி ஒன்றுக்கு உரிமையாளர். ஓசூர் சிப்காட்டிலிருந்து இரும்பு வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு சேலம், கோவை என்று போய்வருவார். 1980இல் அசோக் லேலண்டு அங்கே உற்பத்தியைத் தொடங்கியபின் ஓசூர் வளர்ந்த வேகத்தில், எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. சில நாட்களில் எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிக்கும் பெங்களூருக்கும் போவார். ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நின்ற லாரிகளில் அவருடையதும் ஒன்று. 2017இல் சரக்கு சேவை வரி வந்து அந்த விற்பனைவரிச் சாவடிக் காத்திருப்பு ஒழிந்ததைப் பார்க்க அவர் இல்லை.

2000ஆம் ஆண்டு நான் பி.ஏ. முடித்து, சென்னையில் எம்.ஏ. தமிழ் படிக்க விண்ணப்பித்திருந்தேன். இடம் கிடைத்துவிட்டது. கல்விக்கட்டணமும் விடுதி முன்பணமும் ஒரே வாரத்தில் கட்டவேண்டியிருந்தது. அப்பா கேட்ட அன்றே பணத்தை எடுத்துக் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்து இரவொன்றில் சூளகிரி அருகே லாரியின் வலப்பக்க முன்சக்கரம் பஞ்சரானது. அப்பாவும் கிளீனரும் ஸ்டெப்னியை இறக்கி மாட்டினார்கள். அது ரீசோல் டயர். ரீசோல் டயரை முன்சக்கரத்தில் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். பின்னால் ஜோடிச் சக்கரங்கள் என்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம் போனால் திசையே போய்விடும். அமெரிக்காவில் பேருந்துகளின் முன்சக்கரங்களில் இத்தகைய டயரைப் பயன்படுத்தச் சட்டமே தடைவிதித்திருக்கிறது. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாததன்று. கிருஷ்ணகிரி இருபத்தைந்து கிலோமீட்டர்தானே, போய்ப் பஞ்சர் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பியிருக்கிறார். மேலுமலை இறக்கத்தில் அந்த டயர் வெடித்தது. பதினொரு நாள் கழித்துக் கண்விழித்துப் பேசியபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்டீரிங் என் பேச்சைக் கேக்கல." எதிரே வண்டி வராதது எங்கள் நல்லூழ். லாரி வலப்பக்கம் இறங்கிப் புளியமரத்தில் மோதியது. கிளீனருக்குக் கை முறிந்தது. அப்பாவின் வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ரீசோல் டயர் என்றால் எங்கள் உறவில் ஒரே பெயர்தான். யாரும் விசாரிக்கவில்லை. "சொந்த மாப்பிள்ளைக்கே இப்படி ஒட்டிக் கொடுத்திருக்கானே" என்று ஊர் பேசிற்று. அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். மாமா மருத்துவமனைக்கு வந்தபோது வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். 2007இல் என் திருமணத்தில் தாய்மாமன் சீரை அம்மா வாங்கிக்கொண்டார். முகம் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. நானும் அப்படித்தான். அப்பா லாரியை விற்று, சாலையோரம் ஒரு தேநீர்க் கடையில் கல்லாவில் உட்கார்ந்து, 2014இல் காலமானார். அவர் மாமாவைக் குறைசொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

2018இல் மாமா பட்டறையை மூடினார். அதற்கு முன்பே தொழில் நொடித்திருந்தது. சீனாவிலிருந்து மலிவான லாரி டயர்கள் வந்து குவிந்தன. ரீசோல் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதுடயரே கிடைக்கும் நிலை வந்தது. 2017இல் அவற்றின்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டபோது அவரைப் போன்ற பலர் ஏற்கெனவே ஓய்ந்திருந்தார்கள். சென்ற ஆண்டு அந்த இடத்தை விற்கும் வேளையில் எனக்கு ஆள் அனுப்பினார். பழைய பதிவேடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, எதை வைத்துக்கொள்வது எதை எரிப்பது என்று படித்தவன் வந்து பார்த்துச் சொல்லவேண்டுமாம். அரை மனதோடு போனேன்.

நீளமான கணக்கு நோட்டுகள். தேதி, லாரி எண், டயரின் பெயர், அதில் பொறித்த எண், செய்த வேலை, தொகை என்று கட்டங்கள். கழித்த டயர்களுக்கு ஒரு தனி நோட்டு இருந்தது. ஏன் கழித்தார் என்ற காரணமும், டயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் அதில் இருந்தன. ஏட்டுச்சுவடி படித்த பழக்கத்தில் ஆண்டுவாரியாகப் புரட்டிக்கொண்டு போனேன். 2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பக்கம் ஒன்றில் எங்கள் லாரியின் எண். எதிரே மாமாவின் கோணல் எழுத்தில், "உள் நூல் வெந்தது. கழிவு." அதற்குப் பக்கத்தில் என் தந்தையின் கையெழுத்து.

நோட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அந்த டயரா மாமா?"

"அதேதான். ஆகாதுன்னு சொன்னேன். ஸ்டெப்னிக்குத்தானே மச்சான், சும்மா தொங்கப்போறதுதானேன்னாரு. புது டயருக்கு வெச்சிருந்த காசு உன் காலேஜுக்குப் போயிருச்சாம். காசு நான் தரேன்னேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. எடுத்துக்கிட்டுப் போயி வேற எங்கேயோ ஒட்டிக்கிட்டாரு."

"ஏன் மாமா இத்தனை வருஷம் சொல்லல?"

"காலு போயிக் கெடக்கிற மனுசன் மேல பழியையும் தூக்கிப் போடச் சொல்றியா? என் தங்கச்சி என்மேல கோவப்பட்டா, போனாப் போவுது. அவரு மேல கோவப்பட்டா கூட இருந்து பாக்கறது யாரு?" சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதுவுமில்லாம, தப்பு என்னுதும்தான். ஆகாதுன்னு சொல்லிட்டு டயரை முழுசாத் திருப்பிக் குடுத்தேன் பாரு. சாக்பீஸ் கோடு, துணிய வெச்சுத் தொடச்சா போயிரும்" என்றார்.

அந்த விபத்துக்குப் பின் அவர் கழித்த டயரை முழுதாகத் திருப்பித் தந்ததில்லை. பக்கவாட்டில் அறுத்துத்தான் தருவார். முன்கூட்டியே சொல்லி, சம்மதித்தவர்களின் டயரையே பார்ப்பார். கழித்த டயரையும் வேறெங்காவது விற்றுக் காசாக்கலாம் என்று எண்ணும் உரிமையாளர்கள் அவரிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள். பட்டறை நொடித்ததற்குச் சீன டயர் மட்டும் காரணமன்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நோட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாவின் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "சொல்லியிருக்கலாமில்ல" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார். போனோம். இருவரும் பழைய செய்தி எதையும் பேசவில்லை. மாமரத்துக் காய்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதன்பிறகுதான் நான் இத்துறையைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சாலையில் கிடக்கும் பட்டைகள் எல்லாம் ரீசோலின் குற்றம் என்று நம் நண்பரைப் போலவே அமெரிக்காவிலும் மக்கள் நம்பியிருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தார் நெடுஞ்சாலைகளில் கிடந்த லாரி டயர்த் துண்டுகளையும் டயர்களையும் பொறுக்கி ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை எழுதினார்கள். சாலையில் ஓடும் டயர்களில் ரீசோலும் புதியதும் என்ன விகிதத்தில் உள்ளனவோ, ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் கிடக்கும் துண்டுகளும் இருந்தன. டயர் கெட்டதற்கு முதன்மைக் காரணங்களாக அவர்கள் கண்டவை, சாலையில் குத்திக் கிழித்த பொருள்களும் மிகையான சூடும். மாமா பல்பு வெளிச்சத்தில் கண்டுகொண்டவையும் அவைதாம். விமானத்தின் சக்கரங்களே திரும்பத் திரும்பப் பட்டை மாற்றப்படுபவை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். தரையிறங்கும் கணத்தில் பல டன் எடையை ஏற்கும் அந்த டயரை நம்பி நாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கே ஒவ்வொரு டயருக்கும் வரலாறு எழுதிவைக்கப்படுகிறது. ஆகாது என்றால் ஆகாதுதான். ஸ்டெப்னிக்கு ஆகும் என்று யாரும் எடுத்துப்போக முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு புதிய லாரி டயரைச் செய்ய ஏறக்குறைய 22 கேலன் பெட்ரோலிய எண்ணெய் செலவாகிறது என்றும், பட்டை மாற்ற 7 கேலன் போதும் என்றும் அமெரிக்க ரீட்ரேடிங் தொழிலார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் தம் தொழிலுக்காகச் சொல்வது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், வேறுபாடு சிறியதன்று. தூக்கியெறிந்த டயர் மக்குவதில்லை. எரித்தால் ஊரே மூச்சடைக்கும். கழிவுடயர்களுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்கவேண்டும் என்று 2022இல் நடுவண் அரசு விதி வகுத்ததும் இதனால்தான். 2025 செப்டம்பரில் புதிய டயர்களுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. எஞ்சியிருக்கும் சில பட்டறைகளுக்கு எப்படியோ!

எங்கள் மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளுக்குப் போய்ப் பார்த்தால் இத்தொழிலின் தேவை நன்கு விளங்கும். சாலையென்று ஒன்று இல்லாத கற்குழிகளில் டிப்பர்களும் லோடர்களும் உழல்கின்றன. அங்கே வேகம் குறைவு என்பதால் சூட்டின் தொல்லை குறைவு. ஆனால் உடைந்த கல்லின் விளிம்பு கத்திபோல் இருக்கும். பட்டன் பாதி தேயுமுன்பே பக்கவாட்டில் வெட்டு விழுந்து, நீர் இறங்கி, உள்ளிருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். லோடர் டயரின் விலையைக் கேட்டால் நமக்குத் தலைசுற்றும். எனவே அங்கும் பட்டை மாற்றுகிறார்கள். அங்கும் எந்தக் கூட்டை ஏற்பது, எதைக் கழிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. என் வகுப்பில் படிக்கும் மாணவர்களில் டிப்பர் ஓட்டுநர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தந்தையர் ஏறி உட்காரும் வண்டிக்கு 'ஆகாது' என்று சொல்லும் ஆள் ஒருவர் இருக்கவேண்டும். சொன்னபிறகு அந்தச் சொல் துடைத்துவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. மோட்டார் வாகன விதிகள் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வரையறுக்கின்றன. அளவுகோல் வைத்தால் எந்தக் காவலரும் அதைப் பார்த்துவிடலாம். உள்ளே வெந்திருப்பதைப் பார்க்க, தட்டிக் கேட்கும் காதோ அதற்கு நிகரான பரிசோதனைக் கருவியோ வேண்டும். தடை கேட்கும் நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இனி அந்தப் பாடல். புறநானூற்றின் 102ஆம் பாடல் ஔவையார் பாடியது. பாடப்பட்டவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அவர்களுடைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை நாங்களும் அந்த மாவட்டத்தார்தாம். உப்பு வணிகரான உமணர் பாரம் ஏற்றிய வண்டியோடு புறப்படுகிறார்கள். வழியில் பள்ளமும் வரலாம், மேடும் வரலாம். என்ன நேருமென்று யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவையார்.

இருபது ஆண்டுகளாக நான் இப்பாடலை வகுப்பில் நடத்துகிறேன். ஸ்டெப்னி என்ற சொல்லைச் சொன்னதும் மாணவர்கள் சிரிப்பார்கள், பாடல் மனத்தில் நிற்கும். ஆனால் மாமாவின் நோட்டைப் பார்த்தபிறகு நடத்தியபோது ஓரிடத்தில் தடுமாறிவிட்டேன். சேம அச்சு சும்மா தொங்கப்போவதுதானே என்று உமணர் உளுத்த மரத்தில் செய்து கட்டியிருக்கமாட்டார்கள். மற்றது முறிந்த இடத்தில், பெரும்பாலும் இருட்டில், பாரத்தோடு, அது ஒன்றுதான் தாங்கவேண்டும். என் தந்தை தம் வண்டியின் சேம அச்சுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துத் தம் மகனுக்குக் கொடுத்தார். அவர் கணக்கில் அது சரியாகவே இருந்திருக்கும். அந்தப் பணத்தில் படித்துத்தான் இந்தப் பாடலை நடத்தும் தகுதி எனக்கு வந்தது.

அன்று நண்பரின் கார் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றது. காற்றுப் பிடிக்கும் பையன் நான்கு சக்கரங்களையும் பார்த்து முடித்தான். ஸ்டெப்னியையும் பார்க்கச் சொன்னேன். கருத்தரங்கில் கொடுத்த பைகளும் நூல்களும் அதன்மேல் கிடந்ததால் எல்லாவற்றையும் இறக்கவேண்டியிருந்தது. நண்பருக்குச் சற்றே எரிச்சல். பையன் அளவியை வைத்துப் பார்த்துவிட்டு, "பாதிதான் சார் இருக்கு" என்றான்.